ராப் குழுவுக்குப் பங்குத்தாள்: என்.டபிள்யூ.ஏ உடைந்த கதையிலிருந்து

அமெரிக்காவின் காம்ப்டனில் 1987இல் உருவான ராப் குழு என்.டபிள்யூ.ஏ, 1991இல் சிதறிப்போனது. வேர், பணக் கணக்கு. வரிகளில் பலவற்றை எழுதிய உறுப்பினர் ஐஸ் கியூப், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்து 1989 கடைசியில் விலகினார். மேனேஜர் ஜெரி ஹெல்லர், குழுவின் ஈஸி-ஈயோடு சேர்ந்து, பாட்டுகளை வெளியிடும் லேபிளான ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸை ஆரம்பித்தவரும்கூட. பணம் கொடுக்கும் லேபிளும் அதைக் கேட்டு வாங்கவேண்டிய மேனேஜரும் ஒரே ஆளாக இருந்தால் பாடகனுக்காகப் பேச யார் இருக்கிறார்? இரண்டும் வேறு ஆளாக இருக்கட்டும். மேனேஜர் கமிஷன் அமெரிக்காவில் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம்.

அடுத்தது, பாட்டு எழுதியதில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறிக்கும் ‘ஸ்ப்ளிட் ஷீட்’ எனும் பங்குத்தாள். பாட்டுக்கு ஒரு தாள், ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே. பாட்டு ஓடிய பிறகு ‘அந்த வரி என்னுடையது’ என்ற ஞாபகம் எல்லாருக்கும் வந்துவிடும். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் சட்டப்பெயர் (மேடைப்பெயர் மட்டும் போதாது), ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம் ஆஸ்கேப்பா பிஎம்ஐயா, பாடலாசிரியரை அடையாளம் காட்டும் ஐபிஐ எண், சதவீதம், கையெழுத்து. எழுதாமல் விட்டால், கூட்டுப் படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் சமபங்கு போட்டுவிடும்: மூன்று பத்தி எழுதியவருக்கும் ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் வரியில்) நாலு சொல் எழுதியவருக்கும் ஒரே அளவு.

பீட்டுக்கு (பின்னணி இசைக்கு) பாதி, வரிகளுக்குப் பாதி என்பது ஹிப் ஹாப்பில் பரவலான வழக்கம். ஆனால் கணக்கு இடறுவது சாம்பிளில், அதாவது வேறொரு பாட்டின் பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டில். நான்கு பேர் ஆளுக்கு 25 என எழுதிவிட்டார்கள். பிறகு சாம்பிளின் பாடலாசிரியர் 40 கேட்கிறார். மொத்தம் 140 ஆகிவிட்டது, பணம் முடங்கிவிடும். முதலில் சாம்பிளுக்கு அனுமதி வாங்கி, மிச்சம் 60ஐ நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 15. ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாட்டின் சிடி ஒன்றுக்கு 2024இல் அமெரிக்காவில் சட்டம் வைத்த ராயல்டி 12.4 சென்ட், அதில் 15 சதவீதம் இரண்டு சென்ட்கூட இல்லை. இது பாட்டு எழுதியதற்கான பங்கு மட்டுமே. மாஸ்டர் ஒலிப்பதிவுக்கு (பாடிப் பதிவுசெய்த மூலப் பதிவுக்கு) தனித்தாள் வேண்டும், சாம்பிள் எடுத்த ஒலிப்பதிவுக்கும் தனி அனுமதி வேண்டும்.

குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். கியூப் போன பின்னும் அதே பெயரில் வந்த ஆல்பம் 1991இல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. விலகியவர் ‘முன்னாள் உறுப்பினர்’ என்று போஸ்டரில் போடலாமா, பழைய பாட்டுகளின் ராயல்டி அவருக்குத் தொடருமா என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.