பனி ஊரில் வண்டி வாங்கும் முன்: 2எச், 4எச் விவகாரம்

வெளிநாட்டில் பனி கொட்டும் ஊருக்குப் புதிதாகப் போய் வண்டி வாங்குபவருக்கு லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் தெளிவாக இருக்கும். வரிசையாகச் செய்தால் முடிந்துவிடும். பணத்தைக் கரைப்பது வேறொன்று: எத்தனை சக்கரம் இழுக்கும் வண்டி வாங்குவது, அதை எப்படி ஓட்டுவது என்பது.

பனி ஊருக்கு வந்ததுமே “ஃபோர் வீல் டிரைவ் வாங்கு, அதுதான் பாதுகாப்பு” என்று நாலு பேர் சொல்வார்கள். என் நண்பன் அதைக் கேட்டுப் பழைய பிக்கப் வாங்கினான். அதில் 2எச் போட்டால் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும், 4எச் போட்டால் நாலும் இழுக்கும். விற்றவர், “எப்போதும் 4எச்சிலேயே ஓட்டுங்கள்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். காய்ந்த தார்ச்சாலையிலும் அப்படியே ஓட்டினான். பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகும், வண்டி தத்தித் தத்தி நகரும். கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி, போய்விட்டது. புதிதாக வந்தவனிடம் இப்படியா சொல்லி அனுப்புவது? இன்னும் எனக்கு ஆறவில்லை.

லீவரோ சுவிட்சோ போட்டு 2எச், 4எச் மாற்றும் வண்டிகளில், 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போயாக வேண்டும். பனி, சேறு, சரளையில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் வழுக்காது. முறுக்கெல்லாம் கியருக்குள் ஏறும். அதனால் சாலை காய்ந்திருந்தால் 2எச்தான். 4எச்சிலிருந்து வெளியே வர மறுத்தால் பலமாக இழுக்காதீர்கள். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். 4எல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் நிலை, செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கும், சிக்கிய வண்டியை மெதுவாக வெளியே எடுக்கவும் மட்டும்.

லீவரே போடாமல் நாலு சக்கரத்துக்கும் சக்தியைத் தானாகப் பகிரும் ஆல் வீல் டிரைவ் கார்களில் இந்தத் தொல்லை இல்லை, அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நாலு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் பிரேக். நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி சீக்கிரம் கிளம்பும். நிற்பது டயரைப் பொறுத்தது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும். பனியை உடனுக்குடன் வழித்துவிடும் நகரத்துக்குள்தான் ஓட்டம் என்றால், நல்ல விண்டர் டயர் போட்ட சாதாரண முன்சக்கர டிரைவ் கார் தாராளமாகப் போதும். வழிக்காத மலைப்பாதை, மண் சாலை, படகு இழுப்பது என்றால் ஃபோர் வீல் டிரைவுக்குக் காசு போடலாம்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனால், சரளைத் தரையில் 4எச் போட்டுச் சிறிது ஓட்டி, திரும்ப 2எச்சுக்கு மாற்றுங்கள். பிறகு காய்ந்த தரையில் 2எச்சிலேயே ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். அப்போதும் தத்தினால், 4எச் சரியாக விடுபடவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்; எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.