தாடி நடப் போகும் தம்பிகளுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தால் இப்போது தாடிப் பேச்சுதான். வேறு இடத்து முடியை வேரோடு எடுத்துத் தாடையில் நடுகிற சிகிச்சையைத்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு 6 வாரம் இருக்கும்போது தாடி நட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. நட்ட முடியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் கொட்டிவிடும். வேர் உள்ளேயே இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. 3, 4 மாதத்தில் மறுபடி துளிர்க்கும். முழுசாகத் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும். கல்யாணப் படத்தில் சிவந்த தாடைதான் விழும்.

எடுப்பது பெரும்பாலும் பின்னந்தலை முடி. அதனால் தலைமுடி மாதிரியே நீளும், அடிக்கடி கத்தரிக்க வேண்டும். எடுத்த இடத்தில் சின்னச் சின்னப் புள்ளித் தழும்பு நிற்கும்; தைப்பூசத்துக்கு வருடா வருடம் மொட்டை போடுகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளட்டும். விளம்பரப் படத்து அடர்த்தி எல்லாருக்கும் வராது, இருப்பதைத்தானே எடுக்க முடியும்! காயம் பட்டால் தழும்பு தடிக்கிற உடம்பு என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் முதல் 10 நாளாவது லீவு கேளுங்கள். வியர்வை, தூசு, ஹெல்மெட் வார் மூன்றும் புது முடிக்கு ஆகாது. வயது இருபதுதான் என்றால் கொஞ்சம் பொறுங்கள், தாடி தானாகவே இன்னும் அடரலாம்.