உத்தரப் பிரதேசத்தில் மதம் மாற: அறிவிப்பு, கெடு, சிக்கல்கள்

உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டவிரோத மதமாற்றத் தடைச் சட்டப்படி, மதமாற்றச் சடங்குக்குக் குறைந்தது 60 நாள் முன்பே மாறுபவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். படிவம் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். பின்னால் நாள் கணக்கில் தகராறு வந்தால் கையில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

பலர் கோட்டைவிடுவது அடுத்ததில். சடங்கை நடத்தும் பாதிரியாரோ மௌல்வியோ பிக்குவோ ஒரு மாதம் முன்பு இரண்டாம் அட்டவணைப் படிவத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். உங்கள் அறிவிப்பு அவருடைய அறிவிப்புக்கு ஈடாகாது. அவரவர் அறிவிப்பைத் தவறவிட்டால் உங்களுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அவருக்கு 1 முதல் 5 ஆண்டு.

இடையில் உண்மையான நோக்கம் என்னவென்று போலீஸ் விசாரிக்கும். வற்புறுத்தல் இல்லை என்று நிரூபிக்கும் சுமையோ மதம் மாற்றியவர் தலையில்.

சடங்கோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த 60 நாளுக்குள் மூன்றாம் அட்டவணைப் படிவத்தை ஆதார் நகல் போன்ற அடையாளச் சான்றுடன் அனுப்பி, அதிலிருந்து 21 நாளுக்குள் நேரில் போய் உறுதிசெய்ய வேண்டும். அதுவரை உங்கள் முகவரி, தந்தை அல்லது கணவர் பெயர், பழைய மதம், புதிய மதம் எல்லாம் அலுவலக அறிவிப்புப் பலகையில் தொங்கும். 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பதால், வீட்டிலும் வாடகை இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இப்போதைய மதத்துக்குச் சற்று முன்பிருந்த மதத்துக்கே திரும்புவதை இச்சட்டம் மதமாற்றமாகவே கருதுவதில்லை. அதற்கு இந்தப் படிவம் எதுவும் கிடையாது. ஒருவழிப் பாதைதான்!