கம்பளத்தை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி?

நம் வீடுகளில் கம்பளங்கள் கெட்டுப்போவதற்கு, அவற்றில் படியும் அழுக்கைவிட, அந்த அழுக்கைப் போக்குவதற்காக ஊற்றப்படும் தண்ணீரே பல வேளைகளில் காரணமாகிறது. தரையை நாள்தோறும் துடைத்துப் பழகிய கைகளுக்கு, கம்பளத்தையும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசிவிட்டால் போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், அடிவரை நனைந்த தடித்த கம்பளம் உலர்ந்து முடிவதற்குள் அதில் பூஞ்சை பிடித்து, ஈர நாற்றம் ஏறி, அடிப்புற நூல் இற்றுப்போகத் தொடங்கிவிடும். ஆகையால் தூசியை அது உலர்ந்திருக்கும்போதே வெளியேற்ற வேண்டும். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் குறைந்த ஈரத்தில் துடைத்தெடுக்க வேண்டும். முழுக்க நனைத்துக் கழுவுவதை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

எந்த இழை என்று அறிந்துகொள்ளுங்கள்

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் பகுதிகளிலிருந்து வரும் கைமுடிச்சுக் கம்பளங்கள் பெரும்பாலும் கம்பளி நூலில் ஆனவை. காஷ்மீரிலிருந்து வருபவற்றில் பட்டும் உண்டு. குறைந்த விலையில் கிடைக்கும் இயந்திரத் தயாரிப்புகளில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் என்னும் செயற்கை இழை. நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் பவானி ஜமக்காளம் தடித்த பருத்தி நூலில் நெய்யப்படுவது. பளபளப்புக்காகச் செயற்கைப் பட்டு நூல் சேர்த்து நெய்யப்படும் வகையும் கிடைக்கிறது. இவை ஒவ்வொன்றும் தண்ணீருக்கும் சோப்புக்கும் வெப்பத்துக்கும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

கம்பளத்தின் பின்புறத்தில் ஒட்டப்பட்ட சீட்டு கிழிந்துபோயிருந்தால், ஓரத்திலிருந்து ஒரேயொரு இழையைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாக நெருப்பில் காட்டிப் பாருங்கள். தலைமுடி பொசுங்கும் வாடை எழுந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி மிஞ்சினால் அது கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடையுடன் சாம்பலானால் பருத்தி அல்லது விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யப்படும் செயற்கைப் பட்டு). உருகிச் சுருங்கிக் கெட்டியான மணியாக உறைந்தால் செயற்கை இழை. பட்டைப் போல மின்னுகிற, ஆனால் பட்டின் விலையில்லாத கம்பளம் காகித வாடையுடன் எரிந்தால் அது விஸ்கோஸாகவே இருக்கும். நனைந்தால் வலுவிழப்பதும், உலரும்போது பழுப்பேறி விறைத்துப்போவதும் அதன் இயல்பு என்பதால், அதை வீட்டில் நனைக்கவே வேண்டாம்.

அன்றாடத் தூசி

கம்பளத்தில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் மணலும்தான். கண்ணுக்குத் தெரியாமல் இழைகளின் அடியில் இறங்கிவிடும் மணல் துகள்கள், நாம் மிதிக்கும்தோறும் இழையின் வேர்ப்பகுதியை அராவி அறுக்கின்றன. நடமாட்டமுள்ள வழியில் மட்டும் கம்பளம் தேய்ந்து தரைப்பின்னல் தெரிவது இப்படித்தான். எனவே வாரத்துக்கு இரண்டு முறையாவது வேக்குவம் கிளீனரால் மெதுவாக, ஓர் இடத்தில் மூன்று நான்கு முறை போய்வருமாறு இழுக்க வேண்டும். இழை படுத்திருக்கும் திசையைக் கையால் தடவி அறிந்து, அந்தத் திசையிலேயே முடியுங்கள். சுழலும் பிரஷ் உள்ள கருவியானால், கைமுடிச்சுக் கம்பளத்துக்கும் வளையமாக நெய்த கம்பளத்துக்கும் பிரஷை நிறுத்திவிட்டு உறிஞ்சுவதை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஓரக் குஞ்சங்களின் மேல் எந்தக் கருவியும் ஏறக் கூடாது. அவை ஒட்டுத் தையல் அல்ல, கைமுடிச்சுக் கம்பளத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களே அப்படி நீண்டு முடிகின்றன.

வேக்குவம் கிளீனர் இல்லாத வீட்டிலும் இதைச் செய்ய முடியும். சொல்லப்போனால், இந்த முறை கருவிக்கு எட்டாத மணலையும் வெளியே கொண்டுவந்துவிடும். சுத்தமாகத் துடைத்து உலர்ந்த தரையில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் உள்ளங்கையாலோ பழைய டென்னிஸ் மட்டை போன்ற தட்டையான பொருளாலோ ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு அதை நேராகத் தூக்கி நகர்த்தினால், வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த கம்பளத்தின் அடியில் மெல்லிய சாம்பல்நிற மணல் கோடுகோடாகப் படிந்திருக்கும். அதைப் பெருக்கி அள்ளிவிட்டு, தரையில் மணல் விழுவது நிற்கும்வரை மீண்டும் தட்ட வேண்டும். கொடியில் போட்டுத் தடியால் ஓங்கி அடிப்பது பழைய வழக்கம். பழைய கைமுடிச்சுக் கம்பளத்தின் அடிநூல் அதில் அறுந்துபோகலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை மொட்டை மாடியில், முகத்தை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

புதிய கம்பளிக் கம்பளம் முதல் சில மாதங்களுக்குப் பஞ்சு உதிர்ப்பது குறையல்ல. எங்காவது ஓர் இழை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காமல், மட்டத்துக்குச் சரியாகக் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும்.

கறை பட்டால்

முதல் ஐந்து நிமிடங்களில் செய்வதே முக்கியம். கெட்டியாக விழுந்ததைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை இழையின் உள்ளே புகுவதோடு, இழையின் முறுக்கும் பிரிந்து அந்த இடம் நிரந்தரமாகக் கலைந்து தெரியும். வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கியே ஒற்றி வர வேண்டும். எதைப் பயன்படுத்துவதாக இருந்தாலும், சோபாவுக்கு அடியில் மறையும் மூலையில் ஒரு துளி வைத்து, வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்தத் திரவத்தைத் தொட வேண்டாம்.

நம் வீட்டுக் கம்பளங்களின் தனிப் பகை சாம்பார்தான். அதில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே கையாள வேண்டும். வழித்தெடுத்து ஒற்றிய பிறகு, அந்த இடத்தில் சோளமாவையோ வாசனையற்ற டால்கம் பவுடரையோ தூவி அரை மணி நேரம் விட்டால் எண்ணெயின் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். அதை உலர்வாக அகற்றியதும், கம்பளி ஆடைகளுக்கென விற்கப்படும் மிதமான திரவ சோப்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும். இங்கே சலவைத்தூளை எடுத்துவிடக் கூடாது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் காரத்தன்மையுள்ள பொருள் பட்டதும் சிவந்துவிடும், சலவைத்தூள் அத்தகையதே. அப்படிச் சிவந்துபோனாலும் பதற வேண்டியதில்லை. ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் சிவப்பு மறைந்து மஞ்சள் நிறம் திரும்பும்.

மிஞ்சிய மஞ்சள் நிறம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சாயம் போகாது என்று சோதித்துக்கொண்ட பிறகு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றலாம். அதற்கும் அசையாத கறையை வெயிலுக்கு விட்டுவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையக்கூடியது. மற்றப் பகுதிகளைக் கெட்டித் துணியால் மூடி, கறை மட்டும் வெளியே தெரியுமாறு ஓரிரு நாள் வெயில் காட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும். மூடாமல் போட்டால் கம்பளத்தின் சொந்தச் சாயமும் கூடவே வெளுக்கும்.

குங்குமமும் கோலமாவும் சிந்தினால் ஈரத்துணியைக் கொண்டு போகவே கூடாது. மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் ஈரம் பட்ட கணத்தில் இழையைப் பற்றிக்கொள்ளும். வேக்குவம் கிளீனரின் குழாயை மேலே பிடித்து உறிஞ்சிவிட்டு, எஞ்சியதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். பால், தயிர், முட்டை, இரத்தம் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே; சுடுநீர் பட்டால் அவற்றிலுள்ள புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் காப்பிக்கு முதலில் குளிர்ந்த நீர், பிறகு மிதமான சோப்பு நீர், கடைசியில் வினிகர் நீர் என்ற வரிசை பொருந்தும். விளக்கிலிருந்தோ மெழுகுவத்தியிலிருந்தோ சொட்டிய மெழுகை, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கட்டியை வைத்து இறுகச் செய்து, மொட்டைக் கத்தியால் பெயர்த்தெடுக்க வேண்டும். காகிதத்தை வைத்து இஸ்திரி போடும் முறையைப் பாலிப்ரொப்பிலீன் கம்பளத்தில் முயன்றால் மெழுகோடு கம்பளமும் உருகும்.

இரண்டு எச்சரிக்கைகள். குளோரின் பிளீச் கம்பளியையும் பட்டையும் அரித்துவிடும்; அதை வினிகருடன் கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். என்சைம் கலந்த சலவைப் பொருள்கள் புரதத்தைக் கரைப்பதற்காகவே செய்யப்பட்டவை. கம்பளி இழையும் புரதமே என்பதால் அங்கே அவற்றுக்கு இடமில்லை. சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரைக்க வைக்கும் காணொளிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவை ஒன்றையொன்று முறித்துவிடுவதால், நுரை அடங்கியபின் மிஞ்சுவது ஒருவகை உப்பு கலந்த தண்ணீரே. நாற்றத்தை எடுக்க வேண்டுமானால் செயற்கை இழைக் கம்பளத்தில் சமையல் சோடாவைத் தனியாக மெல்லத் தூவி, சில மணி நேரம் கழித்து முழுவதுமாக உறிஞ்சி எடுக்கலாம்.

துடைத்த கறை மறுநாள் அதே இடத்தில் மீண்டும் தெரிந்தால், அடியில் தங்கிய அழுக்கு உலரும் ஈரத்தோடு மேலே ஏறி வந்திருக்கிறது என்று பொருள். இதைத் தடுக்க, கடைசியாக வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியை நாலாக மடித்து அதன்மேல் வைத்து, பாலிதீன் தாளால் மூடிய கனமான புத்தகங்களை இரவு முழுவதும் பாரமாக வைக்க வேண்டும். ஏறி வரும் அழுக்கைத் துணி வாங்கிக்கொள்ளும். சோப்பு இழையில் தங்கிவிட்டால் அதன் பிசுபிசுப்பு புதிய தூசியை இழுப்பதால், துடைத்த இடமே சில வாரங்களில் முதலில் கறுக்கும்.

முழுமையாகக் கழுவுதல்

இதற்குத் தை முதல் சித்திரை வரையிலான உலர்ந்த மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பட்டுக் கம்பளத்தையும் பெரிய கைமுடிச்சுக் கம்பளத்தையும் தேர்ந்தவர்களிடம் கொடுப்பது நல்லது; கொடுக்கும் முன், நீரை எப்படி வெளியேற்றுவார்கள், எங்கே உலர்த்துவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய செயற்கை இழைக் கம்பளத்தை மொட்டை மாடியில் சரிவு உள்ள பக்கமாக விரித்து, முதலில் தூசியைத் தட்டி எடுத்துவிட்டு, மிதமான சோப்பு நீரை மென்மையான பிரஷால் இழையின் திசையில் பரப்பி, குழாய் நீர் தெளிவாக ஓடும்வரை அலச வேண்டும். பிறகு தரை துடைக்கும் ரப்பர் வைப்பரை அழுத்தி இழுத்து நீரை வடியுங்கள். உலர்த்தும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பது இந்த ஒரு வேலைதான். பெரும்பாலோர் இதையே விட்டுவிடுகிறார்கள். பருத்தி ஜமக்காளத்தை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும். உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வதுண்டு. இப்போதைய சாயங்களில் அதை நம்பி மற்றத் துணிகளைச் சேர்த்து ஊறவைக்க வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், மடித்து அழுத்தி நீரை எடுங்கள்.

உலர்த்துவதற்குக் காற்றோட்டமான நிழலே சிறந்தது. ரப்பர் அடிப்புறமுள்ள கம்பளத்தைச் சித்திரை வெயிலில் கொதிக்கும் கைப்பிடிச்சுவரில் போட்டால் ரப்பர் பொரிந்து உதிரும். இரண்டு நாற்காலிகளின் மேல் போட்டு அடியில் மின்விசிறியை ஓடவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடலாம். மேற்புறம் உலர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்குத் தெரியாமல் வைத்திருக்கும். பின்புறத்தில் காகிதக் கைக்குட்டையை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால், அது சில்லென்று ஆகாமல் இருந்தால்தான் உள்ளே எடுக்கலாம்.

விரிக்கும் இடமும் எடுத்து வைக்கும் முறையும்

தரையைத் துடைத்த கையோடு கம்பளத்தை மீண்டும் விரிப்பதே நம் வீடுகளில் பூஞ்சைக்குப் பொதுவான காரணம். தரை முழுக்க உலர்ந்த பின்னரே விரிக்க வேண்டும்; தரைத்தளத்து வீட்டில் வாரம் ஒரு முறை சுருட்டி எடுத்து அடிப்புறத்துக்குக் காற்று காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைகால் மாற்றித் திருப்பிப் போட்டால் தேய்மானமும் வெளிச்சத்தில் வெளுப்பதும் ஒரே பக்கத்தில் சேராது.

கம்பளியை அரிக்கும் பூச்சிகள் நடமாட்டமற்ற இருட்டைத் தேடி, சோபாவுக்கும் பீரோவுக்கும் அடியில்தான் முட்டையிடும். அந்த இடங்களை மாதம் ஒரு முறையாவது நகர்த்திச் சுத்தம் செய்யுங்கள். அரிசிமணி அளவில் சிறு கூடுகள் தென்பட்டால் இருபுறமும் உறிஞ்சி எடுத்து, உறிஞ்சிய தூசியை வீட்டுக்கு வெளியே கொட்டிவிட வேண்டும். வேப்பிலையும் லவங்கமும் முன்பே இருக்கும் புழுவைக் கொல்லமாட்டா. நாப்தலீன் உருண்டைகளின் ஆவி கைக்குழந்தைகளுக்குக் கேடானது. குழந்தை புழங்கும் அறையில் அதை வைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் எடுத்து வைப்பதாக இருந்தால், முன்சொன்னபடி தட்டி, நன்கு உலர்த்தி, இழை படுத்திருக்கும் திசையில் சுருட்டிப் பழைய பருத்தி வேட்டியால் சுற்றுங்கள்; மடித்தால் மடிப்பில் அடிநூல் முறியும், பாலிதீனில் சுற்றினால் உள்ளே ஈரம் அடைபடும். சுவரை ஒட்டாமல், தரையில் படாமல், கட்டிலின் மேலோ பலகையின் மேலோ கிடத்துங்கள். இடையில் நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஒரு முறை பிரித்துப் போட்டு, நாற்றமோ பூச்சியோ இல்லை என்று பார்த்துவிட்டு மீண்டும் சுருட்டி வைக்கலாம்.