குழந்தையின் ஐ.க்யூ. அறிக்கையைப் படிப்பது எப்படி?

என் மகளுக்கு விஸ்க்-5 எனும் வெக்ஸ்லர் சோதனை (குழந்தைகளுக்கான ஐ.க்யூ. சோதனை) எடுத்தோம். கைக்கு வந்த அறிக்கையை நான் படித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் எடுங்கள். இணையக் கணிப்பான்கள் வேண்டவே வேண்டாம். கையால் வரைந்தால்தான் மனதில் நிற்கும். மணி வடிவில் ஒரு கோடு, நடுவில் 100, இடப்பக்கம் 85, 70, வலப்பக்கம் 115, 130. அதே வயதுக் குழந்தைகளில் சுமார் 68 சதவீதம் பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள்.

2. பெர்சன்டைலை மார்க்காக எண்ணிப் பதறாதீர்கள். அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் எத்தனை பேரை முந்தியிருக்கிறாள் என்பதைத்தான் அது சொல்லும். 50 என்றால் சரியாக நடு. 115 வாங்கிய குழந்தைக்கு அது 84. பிரிவுகளுக்குள் வரும் சிறு உட்சோதனைகளின் எண்ணையும் மார்க்காக எண்ணாதீர்கள்: அங்கே 10 என்பது சராசரி, உச்சம் 19.

3. இனிமேல்தான் நிதானம் தேவை. மொத்த எண்ணை, அதாவது முழு ஐ.க்யூ.வை, கையால் மறைத்துவிட்டு ஐந்து பிரிவுகளையும் பாருங்கள்: மொழிப் புரிதல், காட்சி-இட அறிவு, பழகாத புதிரை ஆராயும் திறன், செயல் நினைவு (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது), வேகம். எல்லாத் திறமைக்கும் அடியில் ஒரு பொதுத் திறன் உண்டு என்று ஆங்கிலேய உளவியலாளர் ஸ்பியர்மன் 1904-ல் சொன்னார். மொத்த எண் அந்தக் கருத்தின் வழி வந்தது. பிரிவுகள் ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தால் அதை நம்பலாம். மொழி 122, வேகம் 84 என்றிருந்தால்? மொத்தம் நூற்றுச் சொச்சம் வந்து, 'சராசரி' என்ற சொல்லில் இரண்டும் மறைந்துபோகும். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்கத் திணறலாம். அவளுக்குத் தேவை கூடுதல் நேரம், டியூஷன் அல்ல. ஆசிரியரிடம் இந்த இரண்டு எண்களைத்தான் காட்ட வேண்டும்.

4. மொத்த எண்ணுக்குப் பக்கத்தில் '98–110' போல ஒரு வீச்சு இருக்கும்; உண்மையான எண் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அதைத்தான் நினைவில் வையுங்கள். எந்த மொழியில் கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் கேட்டு வந்த மொழி மதிப்பெண்ணை நான் பொருட்படுத்த மாட்டேன்.

பின்சேர்க்கை: பினே–காமத் (இந்தியாவுக்காகத் தழுவிய பழைய ஐ.க்யூ. சோதனை) அறிக்கை வைத்திருக்கும் சிலர், இதே முறையில் படிக்கலாமா என்று கேட்டார்கள். முடியாது. அது மன வயதை (எந்த வயதுக் குழந்தையின் அளவுக்குச் செய்கிறது என்பதை) உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கும் பழைய கணக்கு; 1912-ல் ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் முன்வைத்த ஈவு. ஒரு வருடம் பின்தங்கிய 4 வயதுக் குழந்தைக்கு 75 வரும். அதே ஒரு வருடத்துக்கு 10 வயதில் 90. வெக்ஸ்லர் எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள்.