காணி உறுதியின் பிரதியைப் பூட்டி, ஒரு படத்துக்குள் ஒளித்து வைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் அனேகமான வீடுகளில் ஒரு பிள்ளை கனடாவில், இன்னொன்று லண்டனில். காணி அலுவல் ஒன்று வந்தால் உறுதியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் எல்லாமே அதே வழியில்தான் போகின்றன. வீட்டில் ஸ்கானர் இல்லாவிட்டால் கொமினிக்கேஷன் கடைக் கணினியில் ஸ்கான் செய்து, அங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வருகிறோம். நம் உறுதியின் பிரதி அந்தக் கணினியில் எத்தனை நாள் கிடக்கும், யார் யார் திறந்து பார்ப்பார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, காசும் செலவில்லை. கணினியை ஓரளவு பாவிக்கத் தெரிந்த யாரும் ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கலாம். தேவையானவை: விண்டோஸ் கணினி, உங்கள் கைபேசி, 7-ஜிப், ஓப்பன்ஸ்டீகோ. கடைசி இரண்டும் இலவச மென்பொருட்கள்: 7-ஜிப் கோப்பைப் பூட்டும், ஓப்பன்ஸ்டீகோ அதைப் படத்துக்குள் ஒளிக்கும். அவற்றை அவற்றின் சொந்தத் தளங்களில் இருந்தே இறக்குங்கள். யாரோ பென்டிரைவில் தந்ததை நிறுவ வேண்டாம். ஓப்பன்ஸ்டீகோ ஓடுவதற்குக் கணினியில் ஜாவா இருக்க வேண்டும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பூட்ட வேண்டும். பூட்டியதைத்தான் ஒளிக்க வேண்டும். கைரேகையைக் கைபேசியின் வாசலில் மட்டும் வைக்க வேண்டும். பூட்டாமல் ஒளித்தால், பெட்டகத்தைத் திறந்தபடி விட்டு மேலே சேலையைப் போட்டு மூடியது போலத்தான். சேலையை விலக்குபவர் கையில் எல்லாம் போய்விடும்.

படி 1: பிரதியை எடுங்கள்

உங்கள் கைபேசியிலேயே ஸ்கான் செய்யுங்கள். உறுதியை வெளிச்சமான இடத்தில் மேசையில் விரித்து, கறுப்பு வெள்ளையில் எடுத்து பிடிஎஃப் ஆக்கினால் போதும். வண்ணத்தில் எடுத்தால் கோப்பு தேவையில்லாமல் பெருக்கும், பிறகு ஒளிப்பது கஷ்டம். 400 கிலோபைட்டுக்குள் அடக்கப் பாருங்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் படி 5இல் சொல்கிறேன். கடையில்தான் ஸ்கான் செய்ய வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: கடவுச்சொல்லைத் தீர்மானியுங்கள்

முழு வேலையும் தங்கியிருப்பது இதில்தான், ஆறுதலாகச் செய்யுங்கள். 1883இலேயே மறையெழுத்து ஆய்வாளர் ஆகுஸ்தே கெர்க்ஹாஃப்ஸ் எழுதி வைத்த விதி இன்றும் செல்லும்: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எதிரிக்கு முழுதாகத் தெரிந்திருந்தாலும், திறப்பு மட்டும் அவனிடம் இல்லையென்றால் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும்.

பிறந்த திகதி வேண்டவே வேண்டாம். நம் பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். ஆக, போட்டோக்கொப்பி எடுக்கக் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பிறந்த திகதியையும் கொடுத்துவிட்டீர்கள். ஊர்ப் பெயர், கோயில் பெயர், பிள்ளையின் பெயர், தேவார வரி, குறள் வரி எதுவும் சரிவராது. எல்லாருக்கும் தெரிந்த வரியை இயந்திரமும் முதலிலேயே முயன்று பார்க்கும்.

ஓர் அகராதியை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைத்த சொல்லை எழுதுங்கள். இப்படி ஆறு சொற்கள். பிடித்த சொல் வரும்வரை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், வந்தது வந்ததுதான். அந்த ஆறையும் ஒரு சின்னக் கதையாகக் கோத்தால் இரண்டு மூன்று நாளில் மனதில் நின்றுவிடும்.

தமிழில் கணினி பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சொற்களைத் தெரிவு செய்தாலும் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். விசைப்பலகை ஒரு கணினியில் பாமினி, இன்னொன்றில் தமிழ்99, கைபேசியில் வேறொன்று. அதுமட்டுமல்ல, 'கொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கடவுச்சொல் கேட்கும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு. டொரன்டோவில் இருக்கும் தங்கச்சி சரியாகத் தட்டியும் பூட்டுத் திறக்காமல் போகலாம்.

படி 3: பூட்டுங்கள்

கோப்பின் மேல் வலது சொடுக்கி, 7-ஜிப் பட்டியலில் 'ஆட் டு ஆர்க்கைவ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வடிவம் '7இசட்' ஆக இருக்கட்டும். கடவுச்சொல்லை இரண்டு முறை தட்டுங்கள். கீழே 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது பூட்டப்படும், 'அம்மாவின் காணி உறுதி' என்ற கோப்புப் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும். மறைகுறியாக்கம் ஏஇஎஸ்-256 முறையில் நடக்கும். நல்ல கடவுச்சொல் இருந்தால் இதை உடைக்க நடைமுறையில் வழியில்லை.

படி 4: மூடுபடத்தைத் தேடுங்கள்

மூடுபடம் என்பது பூட்டிய கோப்பை உள்ளே ஒளிக்கப் போகும் படம். எல்லாரும் அவசரப்படும் இடம் இது. இணையத்தில் கிடைத்த படத்தை எடுக்கக் கூடாது. அசல் படம் வெளியே கிடந்தால் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே மாறியிருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். நல்லூர்த் தேர்ப் படம் அழகுதான், ஆனால் அது நீங்களே எடுத்ததாகவும் முகநூலில் ஒருபோதும் போடாததாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது, படத்தில் என்ன இருக்கிறது என்பது. யாழ் நூலகத்தின் வெள்ளைச் சுவரையும் மேலே தெளிந்த நீல வானத்தையும் எடுத்தால், ஒரே நிறம் பரந்து கிடக்கும். சின்ன மாற்றமும் அங்கே பொருந்தாமல் நிற்கும். கிடுகு வேலி, பனை வடலிக் கூட்டம், கோயில் வீதி மணல், மீன் சந்தையில் குவித்த நெத்தலி, இப்படிக் கசகசவென்று நிறம் மாறும் படங்கள்தான் நல்லவை. நான் பரிந்துரைப்பது கிடுகு வேலியை. காய்ந்த ஓலையின் ஒவ்வொரு இழையும் வேறு வேறு மண்ணிறம்.

படி 5: ஒளியுங்கள்

ஓப்பன்ஸ்டீகோவைத் திறந்து 'ஹைட் டேட்டா' பகுதிக்குப் போங்கள். 'மெசேஜ் ஃபைல்' என்ற இடத்தில் படி 3இல் பூட்டிய கோப்பு, 'கவர் ஃபைல்' என்ற இடத்தில் வேலிப் படம், 'அவுட்புட்' என்ற இடத்தில் புதுப் படத்தின் பெயர். பெயரின் முடிவில் பிஎன்ஜி என்று இருக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும்; இங்கே இன்னொரு கடவுச்சொல்லைக் கொடுங்கள். பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் தெளியும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. வேலியில் ஒரு புள்ளி 147, 112, 74 என்று வைப்போம். 'யாழ்' என்ற சொல்லை அதற்குள் வைக்கப் போகிறோம். இந்தச் சொல் கணினியில் ய, கால், ழ, புள்ளி என்று நான்கு குறிகள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். மொத்தம் 12 பைட், அதாவது 96 பிட். பிட் என்பது 0 அல்லது 1. அந்த 96இல் முதல் மூன்று பிட்களும் 1, 1, 1. புள்ளியின் மூன்று எண்களை இருமத்தில் எழுதி, கடைசி பிட்டை மட்டும் இவற்றுக்கு ஏற்ப மாற்றுகிறோம். 147இன் கடைசி பிட் ஏற்கெனவே 1, அது அப்படியே நிற்கும். 112 என்பது 113 ஆகும். 74 என்பது 75 ஆகும். 147, 113, 75: இந்த மண்ணிறத்துக்கும் முந்தியதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் கண் யாருக்கும் இல்லை. ஒரு புள்ளியில் மூன்று பிட், 32 புள்ளியில் முழு 'யாழ்'.

4000க்கு 3000 புள்ளி உள்ள கைபேசிப் படத்தில் இந்த வகையில் ஏறக்குறைய 4.5 மெகாபைட் இடம் இருக்கிறது. அதை நிரப்பாதீர்கள், பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாதது கணக்குக்குத் தெரியும். இப்படிக் கடைசி பிட்டை வரிசையாக மாற்றிய படங்களைப் புள்ளிவிவர முறையில் பிடிக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஆன்ட்ரியாஸ் வெஸ்ட்ஃபெல்டும் ஆன்ட்ரியாஸ் ஃபிட்ஸ்மானும் 1999இலேயே காட்டிவிட்டார்கள். எவ்வளவு நிரப்புகிறீர்களோ, பிடிபடுவது அவ்வளவு சுலபம். படி 3ஐத் தவிர்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுதான் காரணம்.

படி 6: அனுப்புங்கள், மிச்சத்தை அழியுங்கள்

வட்ஸ்அப்பில் 'போட்டோ' என்று அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி வேறு படமாக்கிவிடும். உள்ளே ஒளித்தது முழுக்கப் போய்விடும். 'டொகியுமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், அப்போது ஒரு பிட்டும் மாறாது. மின்னஞ்சல் இணைப்பும் சரி. கூகுள் போட்டோஸில் வைப்பதானால் இடம் மிச்சம் பிடிக்கும் தெரிவை விட்டு, அசல் தரத்தைத் தெரிவு செய்யுங்கள். பெற்றுக்கொள்பவர் படத்தை வெட்டவோ திருப்பவோ கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடவுச்சொற்களை அதே வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அழைத்துக் கதைக்கும்போது வாயால் சொல்லுங்கள்.

அப்புறம் அழிப்பு. பூட்டாத பிடிஎஃப், ஒளிப்பதற்கு முந்திய அசல் வேலிப் படம், கைபேசியின் குப்பைத் தொட்டி, முன்பு வட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய உறுதிப் படங்கள், எல்லாம் போக வேண்டும். பூட்டாத பிடிஎஃபை மட்டும் படி 8 முடிந்த பிறகு அழியுங்கள்.

படி 7: கைரேகையைச் சரியாக வையுங்கள்

கைநாட்டு நமக்குப் புதிதல்ல. ஒப்பந்தத்தில் கையடையாளம் வாங்கும் வழக்கத்தை ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் வங்காளத்தில் 1858இல் தொடங்கினார். கைபேசியின் கைரேகை அதிலிருந்து ஒரு விதத்தில் வேறுபடுகிறது: அது ரேகைப் படத்தை வைத்திருப்பதில்லை. ரேகையில் இருந்து எடுத்த கணித வடிவத்தை, தனியாகப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் வைக்கிறது. நல்ல கைபேசிகளில் அது அங்கிருந்து வெளியே போவதில்லை.

விரல் வைத்துத் திறப்பது வசதி, ஆனால் ஒப்பீடு எப்போதும் ஏறக்குறையத்தான். ஒரு விரல் மட்டும் பதிந்த நிலையில், வேறு யாரோ ஒருவரின் விரலுக்கு ஐபோனின் கைரேகைப் பூட்டான டச் ஐடி திறந்துகொள்ளும் வாய்ப்பு 50,000இல் 1 என்று ஆப்பிளே சொல்கிறது. 2013இல் அது வெளிவந்த சில நாட்களிலேயே ஜேர்மனியின் ஹேக்கர் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து திறந்து காட்டியது. இதைவிடப் பெரிய பிரச்சினை, திருட்டுப் போன விரலை மாற்ற முடியாது என்பது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்தில் இருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போயின. கடவுச்சொல் என்றால் மறுநாளே மாற்றலாம்.

இனிச் செய்ய வேண்டியது. கைபேசிக்கு ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின் இலக்கம் வையுங்கள். பிறந்த திகதி அல்ல. பிறகு கைரேகையைப் பதியுங்கள். வெங்காயம் பிடுங்குபவர்கள், வலை இழுப்பவர்கள், சீமெந்து குழைப்பவர்கள் 'என்ர விரலை இது எடுக்குதில்லை' என்று சொல்வது பொய்யில்லை. ரேகையின் மேடுகள் தேய்ந்திருக்கும், உணரிக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. அப்படியானவர்கள் அதிகம் வேலை செய்யாத கையின் மோதிர விரலைப் பதியலாம், அதே விரலை இரண்டு முறையும் பதியலாம். கையைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகு பதிந்தால் காய்ந்த தோலுக்கு இன்னும் நல்லது.

கேம் விளையாட வேண்டும் என்று பிள்ளையின் விரலையும் பதிந்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. கைபேசியில் பதிந்த எந்த விரலும் பெரும்பாலான வங்கிச் செயலிகளையும் திறக்கும். உங்கள் விரலைத் தவிர மற்றவற்றை இன்றே நீக்குங்கள்.

களவு போகும் என்று பயப்படும் இடத்துக்குப் போகும்போது கைரேகையைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஆன்ட்ரொய்டில் பவர் பொத்தான் பட்டியலில் 'லொக்டவுன்' இருக்கும். சில கைபேசிகளில் அமைப்புகளில் போய் முதலில் இயக்க வேண்டும். புதிய ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அதன்பின் பின் இலக்கம் இல்லாமல் திறக்காது.

வேலையிடத்து வரவு இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னால், தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, நீங்கள் விலகிய பின் அழிப்பார்களா என்று கேளுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவியல் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது.

படி 8: திறந்து பாருங்கள்

தங்கச்சிக்கு அனுப்பிய படத்தை அவரே இறக்கி, 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா' மூலம் உள்ளிருப்பதை எடுத்து, 7-ஜிப்பில் திறந்து, உறுதியின் கடைசிப் பக்கத்தில் உள்ள நொத்தாரிசின் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று தொலைபேசியில் சொல்லட்டும். அவர் சொல்லும் வரை பூட்டாத பிடிஎஃபை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இரண்டு கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, அசல் உறுதி இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறொரு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வையுங்கள். உங்களுக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாள் இல்லாமல் வீட்டுக்காரர் யாராலும் அந்தப் படத்தைத் திறக்க முடியாது. எந்தக் கடைக்காரராலும் முடியாது. உறையின் மேல் 'வேலிப் படம்' என்று மட்டும் எழுதுங்கள், எந்தப் படம் என்று அவருக்கு வாயால் சொல்லிக் கொடுங்கள்.