சின்ன லூப் ஆன்டெனா: அகலமான பேண்ட்விட்த்தை நம்பாதீர்கள்

அமெச்சூர் ரேடியோவில் பயன்படும் 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். அரை அலை டைபோல் என்ற நேர்க்கம்பி ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் கம்பி இழுக்க வேண்டும். இடம் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு 1 மீட்டர் விட்டமுள்ள லூப், அதாவது வளைய ஆன்டெனாதான் வழி. எனக்கு மிகவும் பிடித்த ஆன்டெனா இது. ஆனால் சக்தி எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு கட்ட வேண்டும்.

இதன் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வெளியே போகும் சக்தியைக் குறிக்கும் மின்தடை, வெறும் 6 மில்லி ஓம். மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே ஓடுவதால், 22 மி.மீ. தாமிரக் குழாய் போட்டாலும் சக்தியைச் சூடாக்கி வீணாக்கும் இழப்பு மின்தடை சுமார் 31 மில்லி ஓம். ஆக 100 வாட் கொடுத்தால் 16 வாட்தான் வெளியே போகும், மீதி சூடாகிவிடும். அதே லூப்பை 14.2 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் கதிர்வீச்சு மின்தடை 16 மடங்காகி, 68 வாட் வரை வெளியே போகும்.

அதனால் இணைப்புகளில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே ஒரு மோசமான இணைப்பு 10 மில்லி ஓம் சேர்த்தாலும் அந்த 16 வாட் 13 ஆகிவிடும். திருகு போடாமல் பற்றவையுங்கள். லூப்பை 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யக் கெப்பாசிட்டர் சுமார் 205 பைகோஃபாரட் வேண்டும். சறுக்கும் தொடுமுனை இல்லாத பட்டர்ஃப்ளை வகையோ வேக்கம் வகையோ எடுங்கள். 10 வாட்டுக்கே அதன் மேல் 2,500 வோல்ட் உச்சம் வரும், கை வைக்காதீர்கள். ரேடியோவிலிருந்து சக்தியை ஊட்டும் சிறு லூப், பெரியதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கெப்பாசிட்டருக்கு நேர் எதிரே வையுங்கள்.

நன்றாகக் கட்டினால் இழப்பு குறைந்து, பேண்ட்விட்த் (மறுபடி டியூன் செய்யாமல் வேலை செய்யும் அதிர்வெண் அகலம்) சுருங்கும். அது குறையே இல்லை. 1947இல் வீலர், 1948இல் சூ என்ற பொறியாளர்கள் காட்டிய எல்லை அது: ஆன்டெனாவை அடக்கும் கோளத்தின் ஆரம் பாதியானால், இழப்பில்லாத ஆன்டெனாவின் குறைந்தபட்ச க்யூ (அதிர்வெண்ணைப் பேண்ட்விட்த்தால் வகுத்தால் வரும் எண்; இது கூடினால் பேண்ட்விட்த் சுருங்கும்) ஏறக்குறைய எட்டு மடங்காகும். எந்தக் கெட்டிக்காரனாலும் இதைத் தாண்ட முடியாது. சின்ன ஆன்டெனா, அகலமான பேண்ட்விட்த் என்று யாராவது சொன்னால், எங்கோ சக்தி வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அளப்பது எப்படி? லூப்பை எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1 வரும்வரை டியூன் செய்யுங்கள். அதை அளக்கும் கருவியான ஆன்டெனா அனலைசரை 100 ஹெர்ட்ஸ் படியில் நகர்த்தி, இருபுறமும் 2.6 வரும் அதிர்வெண்களைக் குறியுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸை அந்த இடைவெளியால் வகுத்தால் க்யூ. லூப்பின் தூண்டல் எதிர்ப்பு (ரியாக்டன்ஸ்; மின்தடை அல்ல) 109 ஓம்; அதை க்யூவால் வகுத்தால் மொத்த மின்தடை. இடைவெளி 2.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் 38 மில்லி ஓம், அருமையான வேலை. 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் 77. வெளியே போவது 8 சதவீதம்தான். அப்படி வந்தால் லூப்பைச் சுவர், தரை, இரும்புக் கம்பிகளை விட்டுத் தள்ளி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் கெப்பாசிட்டர் முனையிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பற்றவையுங்கள்.